வாசலுக்கு ஒரு ஈட்டி

எங்கள் தெருவில் யார் செத்தாலும் கடைசியில் என் கடைக்குத்தான் வருவார்கள். செத்தவரைச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களைச் சொல்கிறேன். துக்கத்துக்குப் போனவர் நேராகத் தன் வீட்டுக்குத் திரும்பினால் செத்தவரும் பின்னாலேயே வந்துவிடுவார். நடுவில் வேறு எங்காவது கால் வைத்து, உதறிவிட்டுத்தான் போக வேண்டும். வசதி உள்ளவர்கள் காபிக் கடையில் உட்கார்ந்து உதறுவார்கள். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில், இந்த ஆற்றங்கரைச் சந்தில் இருப்பவர்களுக்கு முனையிலேயே என் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. மிஷினில் ஒரு பெசோ நாணயத்தைப் போட்டு, கொஞ்ச நேரம் விளையாடி, ஆவியை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். "உங்க பேயெல்லாம் சேர்ந்து எனக்குக் கரண்டு பில்லு கட்டுமா?" என்று நானும் கத்துவேன். யார் கேட்கிறார்கள்?

கத்துவது என் சுபாவம். தெருவில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் நான் மனாங் செண்டா, அதாவது செண்டா அக்கா. ஆனால் அக்கா என்று கொஞ்சிக்கொண்டு வந்தால் கடித்துவிடுவேன். முக்கியமாகக் கதவு விஷயத்தில். கடையில் இருப்பது ஒரே ஒரு கிழட்டு ஏசி. கதவைச் சற்று நேரம் திறந்து வைத்தால் அது மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதனால் வருகிறவன், போகிறவன், நடுவில் நின்று யோசிக்கிறவன் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். "கதவச் சாத்து!"

இந்தக் கதவுக்காக என்னோடு தினமும் மல்லுக்கு நின்றவள் நெனித்தா. சந்தையில் மீன் வெட்டுகிறவள். புருஷன் இல்லை, ஒரே பையன் ரெய்லான். பொழுது சாய்ந்ததும் வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்தபடி சந்தைக் குரலில் கூப்பிடுவாள்.

"தோத்தோ! சோறு ஆறுது, வீட்டுக்கு வா!"

தோத்தோ என்பது சின்னப் பையன்களைக் கூப்பிடுகிற செல்லப் பெயர். மீசை முளைத்து, சிமெண்டு மூட்டை தூக்கிச் சம்பாதிக்கிறவனை அப்படிக் கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்யும்? ரெய்லான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "இதோம்மா" என்பான். அசைய மாட்டான்.

"உள்ள வந்து கூப்பிடு, இல்ல வெளிய நின்னு கூப்பிடு. கதவப் புடிச்சிக்கிட்டு நிக்காத!" என்று நான் கத்துவேன்.

"உங்க ஏசி குளிரணும்னு எம்புள்ள பட்டினி கிடக்கணுமா மனாங்?" என்று அவள் கத்துவாள். இப்படி எத்தனையோ சாயங்காலம் போயிருக்கிறது.

அவன் அப்படி என்னதான் விளையாடினான் என்றால், ஒரு ஊரைக் காப்பாற்றுகிற விளையாட்டு. உலகமே அழிந்துபோயிருக்கும். மிச்சமிருக்கிற கொஞ்சம் பேரை வைத்து மரவேலி போட்டு, கிழங்கு பயிரிட்டு, காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து தேடி, பனிக்காலத்தைத் தாண்ட வேண்டும். அவ்வப்போது நடைபிணங்களின் கூட்டம் வேலியை நோக்கி வரும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வர மாட்டான். ஆட்டத்தைப் பின்னால் நகர்த்தி, முதலிலிருந்து பார்க்கலாம் என்கிற சலுகையெல்லாம் கிடையாது. என் கடை மிஷின்களை அணைத்தால் அன்றைக்குச் சேர்த்ததெல்லாம் அழிந்துபோகும்படி வைத்திருக்கிறேன், வைரஸ் தொல்லைக்காக. ஐந்தாம் மிஷினுக்கு மட்டும் விலக்கு. ரெய்லான் என் பின்னாலேயே நடந்து நடந்து கெஞ்சியதில் ஒரு நாள் மனம் இளகிவிட்டேன்.

அந்த ஊரில் இருந்தவர்களுக்கெல்லாம் அவன் எங்கள் தெருப் பெயர்களை வைத்திருந்தான். அவனுடைய சிநேகிதன் ஜோவன் இருந்தான், கிரேசல் என்கிற பெண் இருந்தாள், நான்கூட இருந்தேன். எனக்கு அடுப்படி வேலை. "ஏன்டா, நிஜத்துல ஒரு முட்டை வேக வைக்கத் தெரியாதே எனக்கு" என்றால், "அதான் மனாங், பொணமெல்லாம் உங்க சமையலுக்குப் பயந்துதான் கொஞ்சம் தள்ளி நிக்குது" என்பான்.

கூட்டம் வருகிற நாளில் யாருக்கு எந்த ஆயுதம் என்பதுதான் அங்கே பெரிய சண்டை. ஜோவனுக்குத் துப்பாக்கிதான் உயிர். சுட்டால் ஒரே குண்டில் விழும், ஆனால் அந்தச் சத்தம் கேட்டு இன்னொரு கூட்டம் கிளம்பி வரும். கிரேசல் வில்லைத்தான் சொல்வாள். சத்தம் இல்லை, வேலிமேல் உயரத்தில் நின்று எய்யலாம், விழுந்த அம்பைப் பொறுக்கி மறுபடி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஈட்டி. அதை வைத்திருப்பவன் வாசலில், கூட்டத்தின் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். யாராவது ஒருவர் ஈட்டியோடு அங்கே நின்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாசல் உடைந்துவிடும். ரெய்லான் எப்போதும் தன் பெயருள்ள ஆளைத்தான் அங்கே நிறுத்துவான்.

"நீ என்ன பெரிய ஹீரோவாடா? எப்பப் பாரு ஈட்டியும் கையுமா!" என்று ஜோவன் சீண்டுவான்.

"அம்புக்கு மரம் வேணும். துப்பாக்கிக்குக் குண்டு வேணும். ஈட்டிக்கு என்னடா வேணும்? ஒரு முட்டாள் இருந்தாப் போதும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஆறு பெருகிய அன்றும் அவன் என் கடையில்தான் இருந்தான். மதியத்திலிருந்தே மழை. விளையாட்டுக்குள்ளும் மறுநாள் பெரிய கூட்டம் வரப் போகிறது என்று எச்சரிக்கை வந்திருந்தது. அவன் ஆட்களை நிறுத்திவிட்டு, அப்படியே ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்தான். "அம்மா சந்தையில மாட்டிக்கும். கால்ல வேற கத்தி பட்ட காயம் இருக்கு. மனாங், அஞ்ச யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

அப்புறம் நடந்ததை என் வாசற்படியில் நின்று பார்த்தேன். இடுப்பளவு பழுப்புத் தண்ணீரில் ரெய்லான் நடந்து வந்தான், முதுகில் நெனித்தா. "இறக்கி விடுடா, நானே நடக்கிறேன்" என்று அவள் அவன் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். "காயத்தோட இந்தத் தண்ணில கால வைக்கக் கூடாதும்மா. எலி மூத்திரம் கலந்திருக்கும். சும்மா வா" என்றான் அவன். அவள் கால் கடைசிவரை நனையவில்லை. சிமெண்டு வேலையில் அவன் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து கிடந்ததை அவளும் பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்து, வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலிக்காய்ச்சல் சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார்கள். அதற்குமேல் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு சேறாகக் கிடந்ததால் அவன் சவப்பெட்டியைத் தேவாலயத்துப் பக்கத்துக் கூடத்தில் வைத்தார்கள். நெனித்தாவை அழவும் விடவில்லை, இருக்கவும் விடவில்லை. இது கூடாது, அது கூடாது. பெருக்கக் கூடாது, வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது, பெட்டியின் கண்ணாடிமேல் கண்ணீர் விழக் கூடாது. அவள் குனிந்து பிள்ளை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவள் மோவாயின் கீழே கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இது போதாதென்று, கூடவே குடியிருக்கும் நாத்தனார் அடோரா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். அடக்கம் முடிந்த பிறகு செத்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வந்துவிடுவான். அடோராவுக்குப் பகலிலேயே பயம். ஆனால் அவள் கெட்டவள் இல்லை, அந்த ஒரு வாரமும் நெனித்தாவுக்குக் கஞ்சி ஊட்டியது அவள்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள். வருவார்கள் என்று தெரிந்துதான் திறந்து வைத்திருந்தேன். ஜோவன், கிரேசல், தெருப் பிள்ளைகள், எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, மார்பில் ரெய்லானின் படம். ஆளுக்கொரு மிஷினில் உட்கார்ந்தார்கள். ஐந்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. கடைசியாக அடோரா நெனித்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"செத்த நேரம் உக்காரு. உதறிட்டுப் போயிடலாம். நேரா வீட்டுக்குப் போறதெல்லாம் முடியாது, என் நெஞ்சு தாங்காது."

நெனித்தா இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதன்முறையாக இரண்டு காலையும் கடைக்குள் வைத்தாள். காலியாக இருந்த நாற்காலி அந்த ஒன்றுதான். போய் உட்கார்ந்தாள். இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதுதானே?" என்றாள்.

"அதான் அத்தை" என்றாள் கிரேசல்.

"போடு. அப்படி என்னத்ததான் பார்த்தான்னு பார்க்கிறேன்."

நானே ஒரு நாணயத்தைப் போட்டேன். கிரேசல் திறந்து கொடுத்தாள். அவன் நிறுத்திவிட்டுப் போன இடத்தில் அப்படியே நின்றது அந்த ஊர். பனி, மரவேலி, அடுப்புப் புகை. தலைக்குமேல் பெயர் எழுதிய குட்டி மனிதர்கள். பிள்ளைகள் தங்கள் மிஷின்களை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

நெனித்தா விரலால் ஒவ்வொரு பெயராகத் தேடினாள். "இவன் எங்க நிக்கிறான்?"

ஜோவன்தான் வாசலைக் காட்டினான்.

"கையில என்ன அது, குச்சியா?"

"ஈட்டி, அத்தை. இனிமே ஆட்டத்த ஓட விட்டா கூட்டம் வரும். ஈட்டிக்காரன்தான் அதத் தடுக்கணும்."

"அப்ப முதல்ல அடிபடறதும் அவன்தானே?"

"ஆமா."

"அங்க யாரு அவன நிறுத்துனது?"

"அவனேதான் நின்னுக்கிட்டான்" என்றான் ஜோவன். "எப்பவும் அங்கதான் நிப்பான்."

"நான் இருக்கேனா இதுல?"

கிரேசல் வேலிக்குமேலே உயரமான பரணைக் காட்டினாள். நெனித்தா என்று எழுதியிருந்தது. கையில் வில். "இருக்கிறதுலயே பாதுகாப்பான இடம் அதான் அத்தை. உங்களத் தவிர யாரையும் அங்க ஏத்த மாட்டான். எங்கம்மா குறி தப்பாதுன்னு சொல்லுவான்."

"ஊசியில நூல் கோக்கத் தெரியல எனக்கு. குறியாம் குறி" என்று சொல்லி நெனித்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன்.

நான் வருவதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மீன் பேரம் பேசுகிறபோது அவள் முகத்தில் வருமே, அந்த உறுதி வந்திருந்தது. "அவனுக்கு வேற ஆயுதம் குடுக்கணும். எதெல்லாம் இருக்கு, சொல்லு."

"துப்பாக்கி குடுங்க" என்றான் ஜோவன் உடனே. "ரொம்பப் பின்னாடி நின்னு சுடலாம்."

"சத்தம் கேட்டு இன்னும் வரும், மறந்துட்டியா?" என்றாள் கிரேசல். "வில்லுதான் நல்லது. ஆனா இருக்கிறது ஒரே வில்லு. அது உங்ககிட்ட இருக்கு அத்தை."

"அப்ப என்னுத அவனுக்குக் குடு. என்னய வாசல்ல நிறுத்து."

ஜோவன் பதறிவிட்டான். "ஐயோ அத்தை, முடியாது! உங்களுக்கு வயசு அதிகம்னு அது கணக்கு வச்சிருக்கு. மெதுவாத்தான் நடப்பீங்க. ஈட்டி புடிச்சே பழக்கமில்ல. வாசல் உடைஞ்சா மொத்த ஊரும் போயிரும். அவன் கட்டுனது அத்தனையும் போயிரும். திரும்ப வராது!"

"ஈட்டிக்கு என்ன வேணும்?"

"என்ன?"

"அத வச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு என்ன வேணும்னு கேக்கிறேன்."

ஜோவன் என்னைப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு ஆளு போதும் அத்தை" என்றான்.

"அந்த ஆளு நான்தான். ஒரு தடவையாவது நான் அவனுக்கு முன்னாடி நிக்கிறேன். தண்ணியிலதான் விடல."

ஜோவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "மூடுடா" என்றேன். எல்லாம் அழிந்துபோகும் என்று அவன் பயந்தது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது அவள் பிள்ளை கட்டிய ஊர்.

கிரேசல் சொல்லச் சொல்ல நெனித்தா மவுஸைப் பிடித்து இழுத்தாள். வில் கைமாறியது. ரெய்லான் பரண்மேல் ஏறினான். நெனித்தா மெல்ல மெல்லப் பனியில் நடந்து வந்து வாசலில் ஈட்டியோடு நின்றாள். ஆட்டம் ஓட ஆரம்பித்தது.

எனக்கு இந்த விளையாட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கறுப்பாக வந்தது கூட்டம். மேலேயிருந்து அம்பு ஒவ்வொன்றாக விழுந்தது. வாசலில் அந்தக் குட்டி மனுஷி குத்தினாள், பின்வாங்கினாள், மறுபடி முன்னால் போய்க் குத்தினாள். "விடாதீங்க அத்தை! விடாதீங்க!" என்று கத்தியது வேறு யாரும் இல்லை, ஜோவன்தான். வேலி ஆடியது. வாசல் மரம் பாதி பிளந்தது. கூட்டம் குறைந்து குறைந்து கடைசி ஒன்றும் அம்பு பட்டு விழுந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் நெனித்தா விழுந்துவிட்டாள்.

திரையில் எழுத்து வந்தது. நெனித்தா இறந்தாள். ஊர் தப்பியது.

"அவன்?"

"உசுரோட இருக்கான் அத்தை. ஒரு கீறல்கூட இல்ல."

நெனித்தா பெரிதாக மூச்சு விட்டாள். அவள் தோள் இறங்கியது. அந்த வாரம் முழுவதும் அவள் அப்படி மூச்சு விட்டு நான் பார்க்கவில்லை. "இதான் சரி" என்றாள். "இதான் முறை. முன்ன பொறந்தவதான் முன்ன போகணும்."

எழுந்து போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற குட்டி மனிதர்கள் வேலியைச் செப்பனிட ஆரம்பித்தார்கள். பனியில் ஒரு குழி தோண்டி மூடினார்கள். ரெய்லான் மட்டும் பரணிலிருந்து இறங்கி வந்து அந்த மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். மணி அடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவன் போகவில்லை. அவன் தலைக்குமேல் காலிக் கிண்ணம் ஒன்று தெரிந்தது.

"ஏன் அங்கயே உக்காந்திருக்கான்?"

"துக்கம் அத்தை" என்றாள் கிரேசல். "வேண்டியவங்க செத்துட்டா இப்படித்தான். வேலைக்குப் போக மாட்டாங்க, சாப்பிட மாட்டாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"சில பேரு எந்திரிச்சிடுவாங்க. சில பேரு..." ஜோவன் கிரேசலின் காலை மிதித்தான். அவள் நிறுத்திவிட்டாள்.

நெனித்தா கேட்டுக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவனையே பார்த்தாள். அவளும் ஒரு வாரமாக அப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்.

"நான் முன்னாடி நின்னாலும் இதேதானா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. திரையில் அவன்மேல் விரலை வைத்தாள். "எந்திரிடா. பசியோட உக்காராத. போய் ஒரு வாய் சாப்பிடு."

கண்ணீர் சொட்டியது. திரைக் கண்ணாடியில் விழுந்து வழிந்தது. கைக்குட்டையோடு யாரும் ஓடி வரவில்லை. அடோரா வரப் பார்த்தாள், நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், மறைத்துக்கொள்ளவில்லை.

அழுது முடித்து நெனித்தா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் மனாங்" என்றாள்.

"ஆச்சு, உதறியாச்சு" என்று அடோரா எழுந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "அவன் இங்கயே இருக்கட்டும், அவனுக்குப் பிடிச்ச இடம். நீ திரும்பிப் பார்க்காம வா."

நெனித்தா கதவைத் திறந்தாள். ஒரு கால் வெளியே வைத்தாள். மறுகால் உள்ளேயே இருந்தது. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வெளியே சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. தினமும் அவள் வருகிற நேரம்.

திரும்பி, ஐந்தாம் மிஷினைப் பார்த்து, அதே சந்தைக் குரலில் கூப்பிட்டாள்.

"தோத்தோ! சோறு ஆறுது, வீட்டுக்கு வா!"

அடோரா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட! கூப்பிட்டுட்டியே! கூடவே வந்துருவானே!"

"வரட்டும்" என்றாள் நெனித்தா.

அவன் "இதோம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு இறங்கி நடந்தாள். கதவைச் சாத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அடோரா ஜெபம் சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள்.

குளிரெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏசி மூச்சு வாங்க ஆரம்பித்தது. வழக்கம்போல் என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. நான் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் போகிற அளவுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். நெனித்தா சந்தின் முனை திரும்புகிறவரை அப்படியே நின்றுவிட்டு, அப்புறம்தான் சாத்தினேன்.